பம்பர மைனி

அந்த ஊசியக் கொஞ்சம் கோர்த்துக் குடுங்க தம்பி. இங்க வெளிச்சம் பத்தல.

உச்சி வெயிலுதான். அதுக்குத்தான் சொல்லுதேன், கூசுது. செவப்பு நூல எடுத்து ரெட்டையாக் கோருங்க. ஆங், அவ்வளவுதான். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. மதுரையிலருந்து ராடு தூக்கிட்டு மீன் பிடிக்க வாரவிய எல்லாரும் முதல்ல நின்னுக்கிட்டேதான் இருப்பாவ. அரை மணி நேரத்துல தரையிலயே உக்காந்துருவாவ. இரை கோர்க்கிறது அவசரத்துல ஆகுற காரியம் இல்ல.

இரைக்கு எத்தனை மீன், ஆறு முரலா? நல்ல முரல். கண்ணு எவ்வளவு தெளிவாக் கெடக்கு பாருங்க. கலங்கியிருக்கா? ஐஸுல கெடந்தா அப்படித்தான் தெரியும்.

நாளைக்கு விடியக்காலம் யாரு வள்ளத்துல போறிய? இருங்க, ஃபோன் அடிக்குது. நீங்க பேசுங்க, நான் வேலையப் பாக்கேன்.

பேசியாச்சா? வீட்டம்மாவா? மீன் கொண்டாந்தாத்தான் கதவத் தெறப்பேன்னு சொல்லியிருப்பாவ. சரி, இப்ப இங்க பாருங்க. மொதல்ல இந்த நீட்டு மூக்க ஒடிச்சுரணும். பெருவிரல வச்சு வயித்த வாலுப் பக்கமா அமுக்குனா கொடலு போயிரும். அப்புறம் மீன இப்படியும் அப்படியுமா வளைக்கணும், முதுகுமுள்ளு இளகுற வரைக்கும். வெறகு மாதிரி வெறைச்சுக் கெடந்தா நெய்மீன் ஏமாறுமா? உசுரோட ஓடுதுன்னு நெனைக்கணும். அதுக்கப்புறம்தான் தூண்டில். செவுளுக்குள்ள விட்டு, வயித்துக்கு நடுவுல நுனிய வெளிய எடுக்கணும். நடுவுல. அதுதான் மொத்த வேலையும். ஒரு உளுந்து அளவு தள்ளிப் போனாலும், வள்ளம் இழுத்துக்கிட்டு ஓடயில இரை சுத்த ஆரம்பிச்சுரும். சுத்துற இரைய நெய்மீன் பக்கத்துல வந்து பாக்கும், மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிரும்.

கடைசியா வாயத் தைக்கணும். தைக்கலன்னா தண்ணி உள்ள போயி வயிறு கிழிஞ்சுரும். தச்சு மூணு முடிச்சு. இந்த மூணு முடிச்சு வேற யாருக்கும் வராது. யாரும் சொல்லிக் குடுத்தது இல்ல, நானாப் போட்டுப் பழகுனது. வாயத் தைக்க வேண்டிய ஆளு ஒருத்தன் இந்த ஊருல இருக்கான் தம்பி. அவன் மட்டும் அசந்து படுத்திருக்கையில கெடைச்சான்னா இதே ஊசி, இதே நூலு, மூணுக்கு ஆறு முடிச்சாப் போட்டு விட்டுருவேன்.

நான் பழி வாங்குற ஆளு இல்ல. நீங்க ஊருல யாரக் கேட்டாலும் சொல்லுவாவ, மெட்டில்டா மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டான்னு. ஆனா கயத்தான் செஞ்சது வேற.

கயத்தான் யாருன்னு சொல்லலியே. என் கூடப்பொறந்த தங்கச்சி பிரகாசி இருக்காள்லா, அவ புருசன். இந்த மதிலுக்கு அந்தப் பக்கம் தெரியுது பாருங்க நீல வீடு, அதுதான். பச்சையா? போன வருசம் நீலம்தான். சரி, பச்சை. அவனும் எங்க வீட்டுக்காரு பெர்மான்ஸும் சகலப்பாடிக. இருவது வருசத்துக்கு மேல ஒரே வள்ளத்துல தொழிலுக்குப் போறாவ. அந்த வள்ளத்துக்கு இரை கோர்த்தவ நான். கல்யாணம் ஆகி வந்த மாசம் தூண்டில எடுத்தேன். ரெண்டு பிள்ளையும் பொறந்த நாலு நாலு மாசம் தவிர, கை நின்னதே இல்ல. நான் கோர்த்த இரை தண்ணியில போனா, கோடு போட்ட மாதிரி ஓடும். அக்கம்பக்கத்து ஊருக்காரவிய வந்து பாத்துட்டுப் போயிருக்காவ. பிரகாசிக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.

போன வருசம் கச்சான் காத்து ஓஞ்சு நெய்மீன் வந்த நேரம். ஒம்பது நாளு எங்க வள்ளத்துல ஒரு மீன் ஏறல. மத்த வள்ளக்காரவிய தோள்ல தூக்கிட்டு வாராவ, எங்க ஆளுக கைய வீசிக்கிட்டு வாராவ. கடல்னா அப்படித்தான், ஒரு வருசம் போல ஒரு வருசம் இருக்குமா? பத்தாம் நாளு, கடக்கரையில ஏலம் விடுற எடத்துல ஊரே நிக்குது. நானும் நிக்கேன். இந்தக் கயத்தான் வள்ளத்துலருந்து குதிச்சு எறங்குனான். கையில நான் கோர்த்த இரை. அத அலையில போட்டு தங்கூசி நரம்பப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடுதான், சின்னப் பிள்ளை பட்டம் விடுற மாதிரி. ஓடிக்கிட்டே கத்துதான், "எல்லாரும் பாருங்கவே! மைனி எனக்குப் பம்பரம் கோர்த்துத் தந்திருக்கா!"

சிரிச்சாவ தம்பி. ஏலக்காரன்லருந்து ஐஸ் ஒடைக்கிறவன் வரைக்கும் சிரிச்சாவ. அலையில போட்டு இழுத்தா எந்த இரைதான் சுத்தாது? அத ஒருத்தராவது கேட்டாவளா? எங்க வீட்டுக்காரு என்ன செஞ்சாவ தெரியுமா? காலுல ஒட்டுன மண்ணத் தட்டிக்கிட்டு நின்னாவ. கடக்கரையில நின்னுக்கிட்டு, காலு மண்ணத் தட்டுதாவ! இருவத்திரண்டு வருசம் சோறு போட்டவளுக்காக ஒரு வார்த்தை வரல வாயிலருந்து.

அன்னைக்கு விழுந்த பேருதான். தண்ணிக் கொழாயில போய் நின்னா "பம்பர மைனி வந்தாச்சு, வழி விடுங்க." பூசை முடிஞ்சு வெளிய வந்தா "பம்பர மைனி." எங்க சாமியாரே ஒருநாளு வாயக் கையால மூடிக்கிட்டாரு, நான் பாத்தேன். எம் பேரு மெட்டில்டாங்கறது எனக்கும் என் ரேசன் கார்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

மறுநாளே இரைப்பெட்டி மதிலத் தாண்டிப் போச்சு. இனிமே பிரகாசி கோர்க்கட்டும்னு கயத்தான் சொல்லிட்டானாம். பிரகாசி அழுதுக்கிட்டு வந்தா. "யக்கா, நான் கேக்கல யக்கா. நீ உன் கண்ண மட்டும் ஒருக்காக் காட்டிரு, கண்ணாஸ்பத்திரி வேன் நம்ம கோயில் வாசலுக்கே வருது"ன்னா. எங்கருந்து எங்க போறா பாருங்க. பேசுறது இரையப் பத்தி, கண்ணு எங்க வந்துச்சு நடுவுல? இந்த இடது கண்ணுல ஒரு புகைமூட்டம் இருக்கு, இல்லன்னு சொல்லல. மூணு வருசமா இருக்கு. அடுப்புப் புகை. கோர்க்கிறது கையா கண்ணா? கை பொய் சொல்லாது.

அதுமட்டும் இல்ல. நான் ஒரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு கடக்கரையில நடந்தா ஊரு என்ன சொல்லும்? பாத்தியா, கயத்தான் சொன்னது சரிதான்னு சொல்லும். கண்ணு போனாலும் போகட்டும் தம்பி, அவன் சொன்னது சரின்னு ஆகக் கூடாது.

அந்தக் கத்தரிக்கோல எடுங்க. அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. அது எங்க வீட்டுக்காரு கண்ணாடிக் கூடா? அதையும் அங்க கொண்டாந்து வச்சிருக்காவ பாருங்க, வேணும்னே.

நான் பழி வாங்குற ஆளு இல்லன்னு சொன்னேன்லா. ஒரு மாசம் பொறுத்துப் பாத்தேன். அந்த ஒரு மாசமும் பிரகாசி கோர்த்த இரையில தெனம் ரெண்டு மீன், மூணு மீன். மதிலுக்கு அந்தப் பக்கம் நெய்மீன் வறுக்குற வாசம் வரும், இந்தப் பக்கம் நான் ரசம் வச்சுக்கிட்டு இருப்பேன். எங்க வீட்டுக்காரும் அதே வள்ளம்தான், அவியளுக்கும் மீன் வரும். நான்தான் அடுக்களையில ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டேன். அவிய பிரகாசி வீட்டுல போய்ச் சாப்பிட்டுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு வாராவ. எனக்கு எப்படி இருக்கும்? வயிறு எரிஞ்சுச்சு. சத்தியமா எரிஞ்சுச்சு. அப்பத்தான் முடிவு பண்ணுனேன், இந்தக் கயத்தானையும் அதே எடத்துல நிக்க வச்சு ஊரு சிரிக்கணும். பொண்டாட்டி கோர்த்த இரையும் பம்பரமா ஓடணும். அவன் குதிச்ச அதே அலையில.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தோனியார் நவநாள். ஊரு மொத்தமும் கோயில்ல இருக்கும். நான் தலைவலின்னு சொல்லிட்டு வீட்டுல இருந்துக்கிட்டேன். பாட்டுச் சத்தம் ஆரம்பிச்சதும் பின்பக்கமா பிரகாசி வீட்டுக்குள்ள போனேன். "அந்தோனியாரே, அரை மணி நேரம் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிரும்"னு சொல்லிட்டுத்தான் போனேன், சொல்லாம ஒண்ணும் போகல. அடுக்களை ஓரத்துல தெர்மாகோல் பெட்டி. கல் உப்புக்குள்ள பன்னெண்டு முரல், கோர்த்து வரிசையாப் படுக்க வச்சிருக்கா. என் கிட்டக் கத்துக்கிட்டதுதான், அடுக்குறது கூட நான் அடுக்குற மாதிரியே. எனக்கு ஒரு நிமிசம் கை வரல. அப்புறம் கடக்கரையில கயத்தான் கத்துன சத்தம் காதுல கேட்டுச்சு, கை தன்னால வந்துருச்சு.

அதுல எட்டு முரல எடுத்தேன். நூலப் பிரிச்சு, தூண்டில உருவி, மறுபடி கோர்த்தேன். இந்தத் தடவ நடுவுல இல்ல. நடுவ விட்டு வலப்பக்கமா ஒரு உளுந்து அளவு தள்ளி. அதுக்கு மேல தள்ளுனா பாத்ததும் பிரகாசிக்குத் தெரிஞ்சுரும். எட்டையும் தச்சு, முடிச்சப் போட்டு, உப்புக்குள்ள படுக்க வச்சு, பெட்டிய மூடிட்டு வந்து கட்டில்ல விழுந்தேன். நவநாள் முடிஞ்சு வந்த எங்க வீட்டுக்காரு தைலம் தேச்சு விட்டாவ. சிரிப்ப அடக்க முடியாம நான் குலுங்குனேன். அழுதேன்னு நெனச்சாவ.

மறுநாளு, திருநாளுக்குக் கட்டுற சேலையக் கட்டிக்கிட்டு, பூ வச்சுக்கிட்டு, கடக்கரைக்குப் போனேன். அந்த ஒரு மாசமா நான் கடக்கரைப் பக்கம் போகல, அன்னைக்குப் போனேன். கயத்தான் வெறுங்கையோட எறங்குறத முன்வரிசையில நின்னு பாக்கணும்லா.

ஏழு நெய்மீன் தம்பி.

ஏழு! ஒவ்வொண்ணும் என் இடுப்பு உசரம். ஒரு மீனத் தூக்க ரெண்டு ஆளு. கயத்தான் வள்ளத்து மேல நின்னுக்கிட்டு "எம் பொண்டாட்டி கை! எம் பொண்டாட்டி கை!"ன்னு தொண்டை கிழியக் கத்துதான். எங்க வீட்டுக்காரு அவனக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஆடுதாவ. நான் சேலையும் பூவுமா நிக்கேன். "மெட்டில்டா, என்ன விசேசம், தங்கச்சியப் பாராட்ட வந்தியா?"ன்னு கேட்டாவ. ஆமான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? கடல்ல இருக்குற நெய்மீனுக்குக் கூட வெக்கமில்ல, பம்பரத்தப் போய்க் கடிச்சு வச்சிருக்கு.

அது கூடப் போகட்டும். மத்தியானம் பிரகாசி வந்தா. பெரிய மீனோட தலையப் புளி ஊத்திக் கொழம்பு வச்சு, சட்டியோட கொண்டாந்து மதில் மேல வச்சா. என் மூஞ்சியப் பாத்து சிரிக்கா, கண்ணுல தண்ணி. "யக்கா, அந்த மூணு முடிச்சு எனக்கு இன்னும் வர மாட்டேங்குது யக்கா"ன்னா. அவ்வளவுதான், போயிட்டா. எவ்வளவு திமிரு இருந்தா செயிச்சவ அழுதுக்கிட்டே சிரிப்பா? முடிச்சப் பத்தி என்னத்துக்குச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. அந்தக் கொழம்ப நான் தொடுவேனா? பூனைக்கு ஊத்திட்டேன். பாதிய. பூனை சின்னப் பூனை. சட்டிய இன்னும் திருப்பிக் குடுக்கல, அடுக்களையில கெடக்கு. அதுக்கப்புறம் அவளும் நானும் பேச்சு இல்ல.

ஆச்சு, இந்தாங்க, ஆறு. விரல்ல ரத்தமா? அது ஊசி பட்டது, தெனம் படுறதுதான். ஒரு வருசமா யாரும் என் கிட்ட இரை கொண்டு வரல தம்பி, நீங்கதான் மொத ஆளு. அதான் வாயும் ஓயல. ஆமா, யாரு வள்ளத்துல போறியன்னு கேட்டேன், நீங்க சொல்லவே இல்லியே.

யாரு?

கயத்தான் வள்ளத்துலயா?

இருங்க. அப்போ இந்த வீட்டுக்கு உங்கள அனுப்புனது யாரு? பிரகாசியா? "எங்கக்கா கையால கோர்த்து வாங்கிட்டுப் போங்க"ன்னாளா? அவளே சொன்னாளா? வேற என்ன சொன்னா? தொட்டியில இழுத்துப் பாத்து வாங்கச் சொன்னாளாக்கும்! பாத்தியளா, பாத்தியளா? நெஞ்சுல கொழுப்பு. எனக்குப் பரிச்சை வைக்கா. இழுத்துப் பாக்குறது கத்துக்குட்டிக செய்யுறது. நான் தொட்டியில இரைய விட்டுப் பத்து வருசம் ஆச்சு.

ஆனா கயத்தான் வள்ளம்னா நல்லது. ரொம்ப நல்லது. நானே போயி இழுத்துக்கிட்டு வந்தாலும் இப்படி அமையாது. இந்த ஆறையும் அவன் கண்ணு முன்னால தண்ணியில விடுங்க. கோடு போட்ட மாதிரி ஓடட்டும். பம்பர மைனி இரை எப்படி ஓடுதுன்னு அவன் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கட்டும். எங்க வீட்டுக்காரும் பாக்கட்டும்.

ஏன் இரையவே பொரட்டிப் பொரட்டிப் பாக்கிய? நீங்களும் இழுத்துப் பாக்கணுமா? சரி வாங்க. மனசுல சந்தேகத்த வச்சுக்கிட்டுப் போக வேண்டாம். கொல்லையில சிமெண்டுத் தொட்டி இருக்கு, நெறையத் தண்ணி கெடக்கு. தங்கூசிய நீங்க பிடிச்சுக்கிட்டு ஓரமா நடங்க. நடுவுல நான் ரெண்டு விரலால சும்மா தொட்டுக்கிட்டு இருப்பேன். இரை சுத்துனா தங்கூசி முறுக்கும், விரலுக்குத் தெரியும். கண்ணே வேண்டாம்.

நடங்க. இன்னும் கொஞ்சம் வெரசா.

நில்லுங்க. அத வச்சுட்டு அடுத்தத எடுங்க.

அடுத்தது.

ஆறுமா?

கை பொய் சொல்லாதுன்னு நான்தானே தம்பி சொன்னேன். முறுக்குது. விரலுக்குள்ள கயிறு திரிக்கிற மாதிரி முறுக்குது. நீங்க பாத்துச் சொல்லுங்க, மழுப்பாமச் சொல்லுங்க, தூண்டில் எந்தப் பக்கமாப் போயிருக்கு? எடப்பக்கமா? ஆறுலயுமா? எவ்வளவு? ஒரு உளுந்து அளவா?

அன்னைக்கு எட்டையும் நான் வலப்பக்கமாத் தள்ளுனேன்.

இருங்க, ஒரு நிமிசம் உக்காந்துக்கிடுதேன்.

அப்போ அந்த ஏழு மீனு. இரை நேராத்தான் ஓடியிருக்கு. நான் கோணலாக் கோர்த்தது நேரா ஓடியிருக்கு. என் மூணு முடிச்சப் பிரகாசி பாக்காம இருப்பாளா? காலையில பெட்டியத் தெறந்ததும் பாத்திருப்பா. அக்கா ஒளிஞ்சு வந்து எனக்குக் கோர்த்துக் குடுத்துட்டுப் போயிருக்கான்னு நெனச்சிருக்கா, கிறுக்கி. அதான் அந்தத் தலைக்கொழம்பு. அதப் போய் நான் பூனைக்கு ஊத்துனேனே.

ஒம்பது நாளா? அந்த ஒம்பது நாளப் பத்தி இப்ப யாரு கேட்டா? அதப் பேசாதீங்க. கயத்தான் அலையில போட்டு இழுத்தான், அலையில எந்த இரையும் சுத்தும். அதுல மாத்தம் இல்ல.

கத்தரிக்கோலக் குடுங்க. ஆறையும் பிரிக்கணும். முரல் சதை இன்னும் கெட்டியாத்தான் இருக்கு, இன்னொரு தடவ தாங்கும். இப்பப் பாருங்க. நடு இங்க இருக்குன்னு என் கண்ணு சொல்லுதா? அது சொல்லிக்கிட்டுக் கெடக்கட்டும். நான் வலப்பக்கமாத் தள்ளி, இந்தா, இங்க எடுக்கேன். வாயத் தச்சு, மூணு முடிச்சு. இப்பத் தொட்டியில விட்டு நடங்க.

வெரசா நடங்க.

தங்கூசி தூங்குது தம்பி. அசையவே இல்ல. எம்மா! ஒரு வருசம் ஆச்சு இந்த விரலு இப்படி ஒண்ணத் தொட்டு.

கேட்டுக்கிடுங்க. நாளைக்கு மொத இரைய நீங்க தண்ணியில விடாதீங்க. கயத்தான் கையில குடுத்து அவனையே விடச் சொல்லுங்க. பத்து நிமிசம் அவன் அதப் பாத்துக்கிட்டே வரணும். இது யாரு கைன்னு கேப்பான், கேக்காம இருக்க மாட்டான். உடனே சொல்லிராதீங்க. மீன் ஏறட்டும். மீன் வள்ளத்துக்குள்ள விழுந்து துடிக்கயில, எங்க வீட்டுக்காரும் பக்கத்துல நிக்கையில, பம்பர மைனி கைன்னு சத்தமாச் சொல்லுங்க. எப்படிக் கோர்த்தேங்கறத மட்டும் சொல்லிராதீங்க. அவன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு கரைக்கு வந்ததும் நேரா என் கிட்ட வந்து சொல்லணும், ஒண்ணு விடாமச் சொல்லணும்.

போகயில அடுக்களையில அந்தச் சட்டி இருக்கும், கழுவித்தான் வச்சிருக்கேன். பிரகாசிகிட்டக் குடுத்துருங்க. வெறுஞ்சட்டியாக் குடுக்க வேண்டாம், கொல்லையில நாலு முருங்கைக்காயப் பறிச்சு அதுல போட்டுக் குடுங்க. நான் ஒண்ணும் சொல்லி விடலன்னு சொல்லுங்க.

கண்ணாடியா? எனக்கு எதுக்குக் கண்ணாடி? கயத்தான் உசுரோட இருக்குற வரைக்கும் நான் வலப்பக்கமாத் தள்ளியே கோர்த்துக்கிடுதேன். இன்னும் அஞ்சு இருக்கு. அந்த ஊசிய மட்டும் கோர்த்துக் குடுங்க தம்பி. வெளிச்சம் பத்தல.